ஆமைமேல் அமர்ந்த ராணியின் நாடு

மே 6, செவ்வாய்

இந்த நோட்டில் நான் எழுதப்போவதை எவனும் நம்பமாட்டான். தூத்துக்குடியில் இருக்கும் என் மருமக்கள் நம்பமாட்டார்கள். அவர்களைப் பெற்ற என் அக்கா, நான் பிறந்த தேதியையே இன்னும் நம்பவில்லை. ஆகவே பனிமய மாதா மேல் ஆணையாக, எழுந்து நின்று, தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு அறிவிக்கிறேன்: இனி வருவது அத்தனையும் சத்தியம்.

எழுதுகிறவன் காஸ்பர் மச்சாது. வயது ஐம்பத்தெட்டு. சரக்குக் கப்பலில் பண்டாரி, அதாவது சமையல்காரன். ஏழு கடலையும் ருசி பார்த்து, நாலில் உப்புக் குறைவு என்று கண்டுபிடித்தவன்.

எங்கள் கப்பல் இந்த அரபுத் துறைமுகத்துக்கு வெளியே நங்கூரம் போட்டு எட்டு மாதம் ஆகிறது. முதலாளி காற்றில் கரைந்துவிட்டார். கேப்டன் நெஞ்சுவலி என்று இறங்கினார். கரையில் கால் வைத்ததும் நெஞ்சு குணமாகிவிட்டதாகக் கேள்வி. மற்றவர்களும் ஒவ்வொருவராக ஏதோ ஒரு காகிதத்தைப் பிடித்துக்கொண்டு தப்பினார்கள். இப்போது நாலு பேர். கப்பல் அசையக்கூடாது என்று கோர்ட்டு உத்தரவு. எங்கள் பாஸ்போர்ட்டுகள் கரையில். கரை இரண்டு மைல். பைனாகுலரில் பார்த்தால் ஒரு பெட்ரோல் பங்க் தெரியும். மனிதர்கள் காரிலிருந்து இறங்கி, சும்மா நின்று, மறுபடி ஏறிப் போகிறார்கள். அதை நாங்கள் முறைவைத்துப் பார்க்கிறோம்.

செவ்வாய்தோறும் லாஞ்சில் தண்ணீரும் அரிசியும் கொண்டுவருகிற ஏஜென்ட் ஆபீஸ் குமாஸ்தா ஹம்தி, எகிப்துக்காரர், இன்று ஒரு சேதி கொண்டுவந்தார். கப்பலை ஏலம் விடப்போகிறார்கள். ஜூன் 17-ஆம் தேதி கொடி நாட்டின், அதாவது கப்பல் பதிவாகியிருக்கும் நாட்டின், அதிகாரி ஒருவர் வந்து எல்லாரிடமும் பேசிப் பார்ப்பார். மூன்று பேர் வீட்டுக்குப் போகலாம். ஏலம் முடிகிறவரை ஒருவன் காவலுக்கு இருக்க வேண்டும். அது மூன்று மாதமும் ஆகலாம், மூன்று வருஷமும் ஆகலாம். துறைமுகக் கட்டுப்பாட்டு அறை காலையும் மாலையும் ரேடியோவில் கூப்பிடும்போது இங்கிலீஷில் பதில் சொல்லத் தெரிந்தவனாக அவன் இருக்க வேண்டும்.

இந்தக் கப்பலில் இங்கிலீஷ் தெரிந்தவன் யார் என்று கேட்டேன். நீங்கள்தான் என்றார். இன்னொருத்தனுக்குத் தெரிந்திருந்தால் என்று கேட்டேன். அவன் உங்களைவிட இளையவனாக இருந்தால் அவனைத்தான் எடுப்பார்கள், உங்களுக்கு வயதாகிவிட்டதே என்றார்.

அவர் பேசியது இங்கிலீஷில். மற்ற மூவருக்கும் நான்தான் மொழிபெயர்த்துச் சொன்னேன். அதிகாரி வருகிறார், இங்கிலீஷில் கேள்வி கேட்பார் என்று சொன்னேன். மீதி, வயசாளியின் ஞாபகம் பாருங்கள், நழுவிவிட்டது.

மே 7

இன்று முதல் மெஸ் ரூமில் இங்கிலீஷ் பள்ளிக்கூடம். தர்மப் பள்ளி. பதில் சொல்கிறவனுக்கு வீடு, சொல்லாதவனுக்குக் கப்பல் என்று அறிவித்தேன். மூன்று பேரும் கைகட்டி உட்கார்ந்துவிட்டார்கள்.

மாணவர் பட்டியல்: சதக்கத்துல்லா, காயல்பட்டினம், கப்பலின் சாரங்கு, மேல்தளத்து ஆட்களுக்குத் தலைவன், எல்லாருக்கும் காக்கா, அவர்கள் ஊர் வழக்கில் அண்ணன், என்னைவிட ஒரு வயது இளையவன் என்று ஓயாமல் சொல்லிக் காட்டுவான். நவநீதன், மன்னார்குடி, எலக்ட்ரீசியன். ஜெனரேட்டர் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் ஓடுவதால் மீதி இருபத்திரண்டு மணி நேரமும் கவலைப்படுவதே அவன் வேலை. ததேயு, மணப்பாடு, எஞ்சின் ரூம் ஆயில்மேன், இருபத்தொன்பது வயது. அவன் கப்பலேறிய பிறகு ஊரில் அவனுக்கு ஒரு பெண் பிறந்தது. அவன் வந்தால்தான் ஞானஸ்நானம் என்று அவன் மனைவி ஜெனோவா சொல்லிவிட்டாள். ஏழு மாதமாகப் பிள்ளைக்குப் பேர் கிடையாது.

பாடப்புத்தகம் கிடையாது. கப்பலில் இருக்கிற ஒரே இங்கிலீஷ் எழுத்து, மேலே சுக்கான் அறையில் கண்ணாடி போட்டு மாட்டியிருக்கும் பதிவுச் சான்றிதழ். கப்பலின் சொந்த நாடு ஒரானுவா என்று அதில் இருக்கிறது. அந்த நாட்டை எங்களில் எவனும் பார்த்ததில்லை. கப்பல்கூடப் பார்த்ததில்லை. முத்திரையில் ஒரு ஆமை, ஒரு தென்னை, ஒரு நட்சத்திரம்.

போதும். ஆமை கிடைத்தால் நான் தேசமே கட்டுவேன்.

மே 9

முதல் பாடம்: “ஒரானுவா ஈஸ் எ ஸ்மால் கன்ட்ரி.” நூறு தடவை சொல்லவைத்தேன். இரண்டாம் பாடம், அதன் ஒரே சாலை. தீவைச் சுற்றி வட்டமாகப் போகிறது. தப்பான பக்கம் நடந்தவனும் போய்ச் சேர்ந்துவிடுவான், ஆகவே அந்த நாட்டில் யாரும் வழி கேட்பதில்லை.

நவநீதன் எழுதிக்கொண்டான். காக்கா கொட்டாவி விட்டான். ததேயு மட்டும், அந்தச் சாலையில் எதிரும் புதிருமாக வருகிறவர்கள் சந்தித்தால் என்ன செய்வார்கள் என்று கேட்டான். இதுவரை நான் யோசிக்காத விஷயம். முழங்கையைத் தொட்டு, உன் படகு கரை சேர்ந்ததா என்று விசாரிப்பார்கள் என்றேன். அதை இங்கிலீஷில் சொல்லித்தரும்படி கேட்டான்.

மே 13, செவ்வாய்

தண்ணீர் வந்தது, பழுப்பாக. நூற்றெட்டுத் தவளைகளை நானே வடிகட்டினேன்.

மே 16

சரித்திரம். ராணி லுவானா நூற்றுப் பன்னிரண்டு வருஷம் ஒரு ஆமையின் மேல் அமர்ந்து ஆட்சி செய்தார். ஆமை முங்கினால் சட்டசபை கலைந்தது. டச்சுக்காரர்கள் பதினெட்டுக் கப்பலில் படையெடுத்து வந்தார்கள். ஒரானுவாக்காரர்கள் ஒரு அம்பு விடவில்லை. சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடுவோம் என்று இலை போட்டார்கள். சாப்பிட்ட டச்சுக்காரன் எவனும் எழுந்திருக்கவில்லை. அவர்கள் வம்சம் இன்றும் அதே பந்தியில் சாய்ந்திருக்கிறது.

காக்கா கேட்டான்: “அந்த ஆமை என்னவே தின்னுச்சு, நூத்திப் பன்னெண்டு வருசமா?”

“பொறாமைப்பட்டவனை” என்றேன். “இங்கிலீஷுல கேளும், பதில் சொல்லுதேன்.”

அவனுக்கு ஒரு வாக்கியம் வரவில்லை. “எஸ் நோ ஆமை” என்றான். முப்பது வருஷம் கப்பலில் இருந்தவனுக்கு இவ்வளவு மந்த புத்தியா என்று ஆச்சரியமாக இருந்தது.

மே 22

சூடு. மேல்தளத்துத் தகட்டில் மாவை ஊற்றினேன், தோசையாக வந்தது. இது மட்டும் கொஞ்சம் கூட்டிச் சொன்னேன். மாவு கிடையாது.

நவநீதனிடம் எதைக் கேட்டாலும் “ஐ யாம் ஃபைன்” என்கிறான். உன் ஊர் எது? ஐ யாம் ஃபைன். தீப்பிடித்தால் என்ன செய்வாய்? ஐ யாம் ஃபைன். நாக்கு பயத்தில் அங்கேயே நின்றுவிட்டது.

ததேயுவுக்கோ இங்கிலீஷ், காய்ந்த மணலில் தண்ணீர் போல இறங்குகிறது. எஞ்சின் ரூமில் தனியாக அவன் ராணி லுவானாவின் வரலாற்றை உரக்கச் சொல்லிக்கொண்டிருப்பது மேலே காற்றுக்குழாய் வழியாகக் கேட்கிறது. இன்று அவனாகவே ஒரு வாக்கியம் கட்டிக்கொண்டு வந்தான். தனக்கு ஒரு மகள், அவளுக்கு இன்னும் பேர் இல்லை என்று. இலக்கணம் சரியா என்று கேட்டான். சரி என்றேன். அதிகாரியிடம் முதலில் இதைத்தான் சொல்லப்போகிறானாம். கேட்டால் எந்த மனிதனும் உடனே வீட்டுக்கு அனுப்பிவிடுவான் என்றான்.

அருமையான மாணவன். ஆசிரியனுக்குப் பெருமை. மத்தியானம் சோறு இறங்கவில்லை, அரிசி பழையது.

மே 27, செவ்வாய்

ஹம்தி, யாராவது தேறுகிறார்களா என்று கேட்டார். ஒருவன் தேறிவிட்டான் என்று சொன்னேன். நல்லது, நீங்கள் பெட்டி கட்டலாம் என்றார்.

பெட்டியை எடுத்துத் துடைத்து வைத்தேன். தூசி படிந்திருந்தது, அதற்காகத்தான்.

ஜூன் 1, ஞாயிறு

நானும் நவநீதனும் ததேயுவும் மேல்தளத்தில் உட்கார்ந்து பெட்ரோல் பங்கைப் பார்த்துக்கொண்டிருந்தோம். காக்கா கீழே தொழுதுகொண்டிருந்தான். கப்பல் எந்த நாட்டுக் கொடியில் இருக்கிறதோ சட்டப்படி அந்த நாட்டு மண் என்று யாரோ ததேயுவிடம் சொல்லியிருக்கிறார்கள். அவன் கேட்டான்:

“அப்ப நாம இப்ப ஒரானுவாவுலதான இருக்கோம் மாமா?”

ஆமாம் என்றேன்.

“அப்ப எதுக்கு மாமா நம்மள யாரும் முழங்கையத் தொட்டுக் கேக்க மாட்டேங்கான்?”

நவநீதன் சிரித்தான். நானும் சிரித்தேன். பிறகு ததேயு என் முழங்கையைத் தொட்டு, சுத்தமான இங்கிலீஷில், உங்கள் படகு கரை சேர்ந்ததா என்று கேட்டான். பதில் என்ன சொல்ல வேண்டும் என்று நான் இன்னும் கண்டுபிடிக்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஜூன் 5

ததேயு என்னைப் பிள்ளைக்கு ஞானத்தகப்பனாக இருக்கச் சொல்கிறான். நாம் எல்லாரும் ஊருக்குப் போனதும், மணப்பாடு கோயிலில். செவ்வாய்க்கிழமை ஹம்தியின் போனில் ஜெனோவாவிடம் சொல்லிவிட்டானாம். இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய மனுஷன் கையில்தான் பிள்ளையைக் கொடுப்பேன் என்று அவளும் சொன்னாளாம்.

தலைவலி. பாடம் ரத்து.

ஜூன் 10, செவ்வாய்

லாஞ்ச் போன பிறகு காக்கா சமையலறைக்கு வந்தான். வெங்காயம் உரிக்க உதவுகிறேன் என்று உட்கார்ந்தான். எட்டு மாதத்தில் அவன் உரித்த முதல் வெங்காயம். ஹம்தி என்னிடம் இன்று சொன்னதை, துறைமுகம், ஏலம், காவல் எல்லாவற்றையும், ஒரு சொல் தவறாமல், ஹம்தியைவிட நல்ல இங்கிலீஷில் எனக்கே திருப்பிச் சொன்னான்.

கத்தியைக் கீழே வைத்தேன்.

“எல்லாம் தெரியும்வே” என்றான். “பத்து வருசத்துக்கு முந்தி இன்னொரு கப்பலு, இன்னொரு துறைமுகம். காவலுக்கு இருந்தவன் நாந்தான். பதினாலு மாசம். ஒத்தையில. கடைசில ரேடியோல கூப்பிட்டா எம் பேரே எனக்கு வரல. அதான் இந்தத் தடவ எஸ் நோ ஆமை.”

அப்படியென்றால் ஆரம்பத்திலிருந்தே அவனுக்குத் தெரிந்திருக்கிறது. ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன்.

“சொன்னா மூணு பேரும் வாய மூடிக்கிடுவோம். நீரு மாட்டுவீரு. எனக்கு உம்மப் பாத்தாலும் பாவமாத்தான் இருந்துச்சு.” இன்னொரு வெங்காயத்தை எடுத்தான். “ஆனா நீரு ஆட்டுக்குட்டிக்குத் தழை போடுதீரு மச்சாது. அது உம்ம கையத்தான் நக்குது. என்னால பாக்க முடியல. நான் மறுபடி இருக்க மாட்டேன், அத இப்பவே சொல்லிட்டேன். அவனா, நீரா, அது உம்ம பாடு.”

இது அபாண்டம். இந்தக் காஸ்பர் மச்சாது மேல் இதைவிடப் பெரிய பழி போர்த்துகீசியர் காலத்திலிருந்து சொல்லப்பட்டதில்லை. நான் நடத்துவது தர்மப் பள்ளி என்று அவனுக்குச் சொன்னேன்.

அவன் உரித்த வெங்காயத்தில் பாதி தோலோடு இருந்தது. அப்படியே குழம்பில் போட்டேன்.

ஜூன் 12

எழுத ஒன்றும் இல்லை.

ஜூன் 14

பெட்டியைக் கட்டினேன். அவிழ்த்தேன். காலை ரேடியோவில் ததேயுவைப் பதில் சொல்லவிட்டேன், பழக்கத்துக்காக. கட்டுப்பாட்டு அறைப் பெண், உங்கள் இங்கிலீஷ் நன்றாக இருக்கிறது என்றாள். அவனுக்கு நாள் முழுக்கத் தரையில் கால் படவில்லை. இந்தக் கப்பலில் யாருக்குத்தான் படுகிறது.

ஜூன் 17, செவ்வாய்

பத்து மணிக்கு அதிகாரி வருகிறார் என்று தகவல். எட்டு மணிக்கு ததேயுவை மெஸ் ரூமுக்குக் கூப்பிட்டேன். சட்டைக்கு இஸ்திரி போட்டு, தலையைப் படிய வாரி, மாப்பிள்ளை மாதிரி நின்றான்.

கடைசிப் பாடம் என்றேன். ஒரானுவாவின் மிகப் புனிதமான வழக்கம். பேர் வைக்காத பிள்ளையின் தகப்பன், பேர் வைக்கிறவரை, அந்நியனிடம் ஒரு சொல் பேசக்கூடாது. பேசினால் பிள்ளையின் பேரைக் கடல் எடுத்துக்கொள்ளும். நெஞ்சில் கையை வைத்துக்கொண்டு நிற்க வேண்டும். அதிகாரிகள் அதைப் பார்த்தாலே எழுந்து நின்றுவிடுவார்கள்.

அவன் முகம் வாடிவிட்டது.

“பேசினாத்தான் வீட்டுக்குன்னீயளே மாமா.”

“மத்தவனுக்கு. தகப்பனுக்கு வேற சட்டம்.”

“ஆறு வாரமா ஏன் சொல்லல?”

“பாடம் வரிசையாத்தான்டே வரும்.”

என்னை வெகுநேரம் பார்த்தான். நான் ராணி லுவானாவைக் கண் இமைக்காமல் விற்றவன்; அந்தப் பார்வைக்கு மட்டும் அடுப்பு எரிகிறதா என்று பார்க்கப் போக வேண்டியதாகிவிட்டது.

அதிகாரி லிண்ட் என்ற வெள்ளைக்காரர், ஒல்லி. லாஞ்சிலிருந்து ஏணி ஏறுவதற்குள் பதினேழு தடவை வாந்தி எடுத்தார். நான் முதலில் போனேன். ஒரானுவா நாட்டின் சரித்திரம், சாலை, பந்தி, ராணி என்று நாற்பது நிமிஷம் இங்கிலீஷில் பொழிந்தேன். அவர் வாயைத் திறந்தபடி கேட்டார். பிறகு, தான் அந்த நாட்டுக்குப் போனதே இல்லை என்றார். அவருடைய ஆபீஸ் வேறு ஒரு நாட்டில், ஒரு பல் டாக்டர் வீட்டு மாடியில் இரண்டு அறையாம்.

உங்களுக்கு ஐம்பத்தெட்டு வயது, இளையவர் யாருக்காவது இங்கிலீஷ் வருமா என்று கேட்டார். ஒருத்தனுக்கும் வராது, மூன்றும் மூன்று மரக்கட்டை என்றேன். உடம்பு தாங்குமா என்றார். சுக்கான் அறை ஏணியில் இரண்டு தடவை ஓடி ஏறி இறங்கிக் காட்டினேன். முட்டி இரண்டும் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டன.

காக்கா வந்தான். “நோ இங்கிலீஷ் சார், ஒன்லி பெயின்ட்” என்றான். நவநீதன் நாலு கேள்விக்கும் ஐ யாம் ஃபைன்.

ததேயு வந்து நெஞ்சில் கை வைத்து நின்றான். பேர் கேட்டார். பதில் இல்லை. ஊர் கேட்டார். இல்லை. நான் சுவரோரமாகத் தேநீர்த் தட்டோடு நின்றிருந்தேன். லிண்ட் பேனாவை மூடினார். மூடிவிட்டு, சும்மா மரியாதைக்கு, உனக்குக் குழந்தைகள் உண்டா என்று கேட்டார்.

அவன் நாலு வாரமாக எஞ்சின் ரூமில் சொல்லிச் சொல்லிப் பழகிய அந்த வாக்கியத்துக்கு உரிய கேள்வி. அவன் வாய் திறந்தது. உதடு அந்த வாக்கியத்தின் முதல் சொல்லைப் பிடித்ததை நான் பார்த்தேன்.

அவன் என் பக்கம் திரும்பினான். வாயை மூடினான். கண்ணிலிருந்து தண்ணீர் இறங்கி இஸ்திரி போட்ட காலரில் விழுந்தது. கையை நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை.

பாவம், ஒன்றும் புரியவில்லை என்று லிண்ட் எழுதிக்கொண்டார். காவலுக்கு என் பேரை எழுதினார். எழுத்துக்கூட்டிச் சொல்லச் சொன்னார். சொன்னேன்.

ஜூன் 19, வியாழன்

மூவரும் இறங்கினார்கள். யார் ஏன் கப்பலிலேயே நிற்க வேண்டும் என்று ஹம்தி படிக்கட்டில் வைத்து விளக்கப் பார்த்தார். ஒருவர் காவலுக்கு வேண்டும், நான் மூத்தவன், நானே கேட்டு வாங்கிக்கொண்டேன் என்று இடையில் புகுந்து மொழிபெயர்த்தேன். நவநீதன் என் காலைத் தொட்டான். ததேயு, மாமா வராமல் ஞானஸ்நானம் இல்லை என்று அடம்பிடித்தான். என் இடத்தில் என் அக்கா மகனை நிறுத்து, கோயிலில் அதற்கு வழியுண்டு, இந்த மாதத்துக்குள் பேர் வை என்று சத்தம் போட்டேன். அரைமனதாகத் தலையாட்டினான்.

காக்கா கடைசியாக இறங்கினான். “ரேடியோவுல கூப்பிடாத நேரத்துலயும் எதையாவது பேசிக்கிட்டிரும்வே” என்றான். “பொய்யாவது சொல்லும். அதுல உமக்குக் கஷ்டம் இருக்காது.”

லாஞ்ச் கரையைத் தொடும்வரை பைனாகுலரில் பார்த்தேன்.

ஜூன் 20

காலை ரேடியோ: கப்பலில் எத்தனை பேர்? ஒருவர்.

ஜூன் 21

மாலை ரேடியோ: எத்தனை பேர்? ஒருவர். நேற்றுச் சொன்னேனே என்றேன். தினமும் கேட்பது வழக்கம் என்றாள்.

ஜூன் 24, செவ்வாய்

ஒரு ஆளுக்குரிய அரிசி எவ்வளவு சின்னப் பை. நாலு பேருக்குச் சமைத்த கை, உலையில் நாலு பேருக்கே போடுகிறது. மீந்ததைக் கடற்பறவைகளுக்குப் போட்டேன். மூவாயிரம் வந்தன. சரி, மூன்று.

ஜூன் 29, ஞாயிறு

மணப்பாட்டில் இன்று ஞானஸ்நானம் என்று ஹம்தியின் போனுக்குச் சேதி வந்ததாம். ரேடியோவில் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். பேர் என்ன என்று கேட்டேன். கரகரப்பில் கேட்கவில்லை. செவ்வாய்க்கிழமை கேட்டுக்கொள்ளலாம். எனக்கு நிறையச் செவ்வாய்க்கிழமை இருக்கிறது.

மருமக்களே, ஆணையிட்டு ஆரம்பித்தவன் ஆணையிட்டே முடிக்க வேண்டும். லிண்ட் வாந்தி எடுத்தது இரண்டு தடவை. என் நாற்பது நிமிஷப் பிரசங்கம் நாலு நிமிஷம், அதிலும் பாதி இருமல். ஏணியில் ஏறியது ஒரு தடவை. தவளை கிடையாது, ராணி கிடையாது, டச்சுக்காரர்கள் அந்தப் பக்கமே போயிருக்க மாட்டார்கள். நானே கேட்டு வாங்கிக்கொண்டேன் என்றேனே, அது இருக்கிறதிலேயே பெரிய பொய். நான் எதையும் கேட்கவில்லை, பயந்துகொண்டு நின்றேன், பேரை எழுதிக்கொண்டார்கள். தர்மப் பள்ளி என்று எங்கே எழுதியிருந்தாலும் அதையும் அடித்துவிடுங்கள்.

ஒரு சின்னத் துண்டு மட்டும் நிஜம். மே 7-ஆம் தேதி மூன்று பேரையும் கைகட்டி உட்காரவைத்து முன்னால் நின்றேன் அல்லவா? யாருக்கு முதலில் இங்கிலீஷ் வருகிறதோ அவனை இங்கே விட்டுவிட்டு நான் இறங்கிப் போய்விடுவது என்று அப்போதே முடிவுசெய்திருந்தேன். காக்கா சொன்னது அபாண்டம் இல்லை.